எபிசோட் 37: ஒரு பாயிண்ட் டவர்ல திறக்கிற பக்கம்

(ஒலிப்பதிவிலிருந்து தொகுத்த எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கும். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

இது நம்ம 37-வது எபிசோட்.

போன எபிசோட் வந்ததும் ரெண்டு வகையான கேள்வி வந்துச்சு. ஒரு கூட்டம், "ப்ரோ, வீட்டுல சர்வர் வச்சு அப்படி என்னதான் பண்றீங்க?"ன்னு கேட்டாங்க. இன்னொரு கூட்டம், "மலையில சைக்கிள் ஓட்டுறேன்னு அப்பப்ப சொல்றீங்களே, அதைப் பத்தி ஒரு தடவை முழுசா பேசுங்க"ன்னாங்க. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே எபிசோடா பண்ணிடலாம்னு முடிவு பண்ணினேன். நேரத்தை மிச்சம் பண்றதுக்காக இல்லை. என்னைப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் ஒரே வேலைதான். அந்த வேலைக்குத் தமிழ்ல ஒரு நல்ல வார்த்தை இருக்கு: நோண்டுறது.

நோண்டினவங்க கதை

சின்ன வயசுல வீட்டுல ரேடியோவைக் கழட்டினா, "சும்மா நோண்டாதே"ன்னு திட்டுவாங்க. ஆனா மவுண்டன் பைக்குன்னு ஒரு பொருள் உலகத்துல வந்ததே நோண்டுனதாலதான்.

1970-கள்ல கலிபோர்னியாவுல மரின் கவுண்டின்னு ஒரு இடம். அங்க சில பசங்க 1930, 40-கள்ல வந்த பழைய ஷ்வின் சைக்கிள்களை எடுத்து, குண்டு டயர் போட்டு மலையில இருந்து இறக்கினாங்க. அந்த வண்டிகளுக்கு 'கிளங்கர்'னு பேரு. ஃபேர்ஃபாக்ஸ் ஊர் பக்கத்துல ஒரு இறக்கம், அதுல 1976 அக்டோபர் 21-ம் தேதி முதல் ரேஸ் நடந்துச்சு. அந்தப் பாதைக்கு 'ரீபேக்'னு பேரு. ஏன் தெரியுமா? அந்தச் சைக்கிள்கள்ல பெடலைப் பின்னாடி மிதிச்சா பின்சக்கர ஹப்புக்குள்ள பிரேக் பிடிக்கும். அந்த இறக்கத்துல ஹப் சூடாகி, உள்ள இருக்கிற கிரீஸ் எல்லாம் புகையாப் போயிடும். கீழ வந்ததும் ஹப்பைப் பிரிச்சு, மறுபடியும் கிரீஸ் அடைக்கணும். அந்த 'மறுபடி அடைக்கிற' வேலைதான் பேரா நின்னுடுச்சு. அடுத்த வருஷம், 1977-ல, அந்தக் கூட்டத்துல இருந்த ஜோ பிரீஸ் மலைக்குன்னே ஒரு ஃப்ரேமைக் கட்டினார். 1996-ல அட்லாண்டா ஒலிம்பிக்ல இது ஒரு போட்டியாவே வந்துடுச்சு.

வெப் கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். உலகத்தோட முதல் வெப் சர்வர், செர்ன் ஆய்வகத்துல டிம் பெர்னர்ஸ்-லீ மேஜை மேல இருந்த ஒரு நெக்ஸ்ட் கம்ப்யூட்டர். "இது சர்வர், அணைச்சுடாதீங்க"ங்கிற அர்த்தத்துல ஒரு காகிதத்துல எழுதி அதுமேல ஒட்டியிருந்தாங்க. இன்னைக்கும் அந்தக் காகிதத்தோடயே அது பாதுகாப்பா இருக்கு.

ரெண்டு கதையிலயும் நான் கவனிக்கிற விஷயம் ஒண்ணுதான். பொருள் எந்த இடத்துல உடையுதோ, அந்த இடத்துக்கே போய்ப் பார்த்திருக்காங்க. கிரீஸ் புகையுதுன்னு ஷோரூம்ல உக்காந்து யாரும் கண்டுபிடிக்கலை. இன்னைக்கு நான் சொல்ல வர்றதும் அதேதான். ஒரு வெப் பக்கம் நல்லா இருக்கா இல்லையான்னு நம்ம மேஜை முடிவு பண்ண முடியாது. அதை யார், எங்க நின்னு திறப்பாங்களோ, அந்த இடம்தான் முடிவு பண்ணும்.

ஏற்காட்டுல என்ன பிரச்சினை

நாங்க ஒரு பத்துப் பேர் ஞாயித்துக்கிழமை காலையில சேலத்துல இருந்து ஏற்காடு ஏறுவோம். 20 கொண்டை ஊசி வளைவு. மேல போனதும் தார் ரோட்டை விட்டுட்டு, காப்பி எஸ்டேட்டுக்குள்ள மண் பாதையில ஓட்டுவோம். எஸ்டேட்காரங்ககிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான். இதை அழுத்திச் சொல்றேன்: காப்புக்காடுன்னா வனத்துறை அனுமதி இல்லாம சக்கரத்தை வைக்கவே கூடாது. காட்டுமாடு நடமாடுற மலை அது. நம்ம வீடு கிடையாது.

எங்க சுற்று 6 கிலோமீட்டர். ஒரு பக்கம் சில்வர் ஓக், அதுல மிளகுக்கொடி, கீழ காப்பிச்செடி. எங்க பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். யாராவது விழுந்து, "எங்க இருக்கே?"ன்னு போன்ல கேட்டா, "ஒரு பெரிய பாறை, பக்கத்துல ஒரு மரம்"னுதான் சொல்ல முடியும். அந்த மாதிரிப் பாறை அங்க நாப்பது இருக்கு.

அதனால எஸ்டேட்ல கேட்டுக்கிட்டு, 400 மீட்டருக்கு ஒண்ணுன்னு 15 கல்லுல நம்பர் எழுதினோம். எந்தக் கல்லுக்குப் பக்கத்துல ஜீப் வர்ற கேட் இருக்குன்னு ஒரு மேப்ல குறிச்சோம். அந்த மேப்பை வழக்கமான ஒரு மேப் சேவையில போட்டு, லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பிட்டோம். வீட்டுல வைஃபைல பார்த்தா பளபளன்னு இருக்கு. பெரிசாக்கலாம், சின்னதாக்கலாம், சாட்டிலைட் படம் கூட வரும்.

ஒரு ஞாயிறு 9-ம் நம்பர் கல்லுகிட்ட நின்னு அதைத் திறந்து பார்த்தேன். ஒரு பாயிண்ட் டவர். 4ஜி இல்லை, பழைய எட்ஜ் சிக்னல். மேல ஒரு நீலக் கோடு பாதி வரைக்கும் போய் நின்னுச்சு. நாலு நிமிஷம் கழிச்சும் சாம்பல் கட்டங்கள்தான்.

கணக்கு போட்டுப் பார்த்தா இதுல ஆச்சரியமே இல்லை. அந்தப் பக்கத்தோட மொத்த எடை சுமார் 3 எம்பி. அந்த இடத்துல எனக்குக் கிடைச்ச வேகம், நல்லா இருக்கிற நேரத்துல விநாடிக்கு 100 கிலோபிட். அதாவது 12 கிலோபைட் சொச்சம். 3 எம்பி முழுசா இறங்க 4 நிமிஷம் ஆகும், அதுவும் சிக்னல் ஒரு தடவை கூட அறுந்து போகாம இருந்தா. மேப் சேவை மேல தப்பு சொல்ல ஒண்ணும் இல்லை. அது ஊருக்குள்ள ஹோட்டல் தேடுறவங்களுக்காகக் கட்டினது. தோள்பட்டையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறவனுக்காகக் கட்டினது இல்லை.

ஒரே துண்டு பாதை, மூணு ரவுண்டு

இங்கதான் சைக்கிள் கத்துக் கொடுத்தது கை கொடுத்துச்சு.

மவுண்டன் பைக் வாங்கின புதுசுல எல்லாரும் பண்றது, டயர் காத்தைக் குறைப்பாங்க, ஃபோர்க்குல காத்தை ஏத்துவாங்க, ரீபவுண்ட் திருகை நாலு கிளிக் திருப்புவாங்க, எல்லாம் ஒரே நாள்ல. வண்டி நல்லா ஓடுச்சுன்னா எதனாலன்னு தெரியாது. மோசமா ஓடுச்சுன்னாலும் தெரியாது.

எங்க குரூப்ல மூத்த ஒரு அண்ணன் சொல்லிக் கொடுத்த முறை இது. 400 மீட்டர்ல ஒரு துண்டு பாதையை எடுத்துக்கோ. அதுல வேர், கல், ஒரு வளைவு, எல்லாம் இருக்கணும். அதே துண்டை மூணு தடவை ஓட்டு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்து. முதல்ல ஃபோர்க்கோட சேக். அதாவது நாம ஏறி உக்காந்ததும் ஃபோர்க் எவ்வளவு அமுங்குதுங்கிறது. என் ஃபோர்க் 120 மில்லிமீட்டர் டிராவல். 25 சதவீதம்னா 30 மில்லிமீட்டர். ஃபோர்க் குழாய்ல இருக்கிற ரப்பர் வளையத்தைக் கீழ தள்ளி வச்சுட்டு, மெதுவா ஏறி நின்னு இறங்கினா, வளையம் எங்க நிக்குதுன்னு அளந்துடலாம். அது சரியானதும் டயர் காத்து. முன்னாடி 22, பின்னாடி 25 பிஎஸ்ஐன்னு ஆரம்பிச்சு, ஒரு தடவைக்கு ஒரு பிஎஸ்ஐ மட்டும் மாத்தணும். கடைசியாத்தான் ரீபவுண்ட். ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதணும். பிடிக்கலைன்னா பழைய எண்ணுக்குத் திரும்பணும்.

இதையேதான் அந்தப் பக்கத்துக்கும் பண்ணினேன். லினக்ஸ்ல 'டிசி'ன்னு ஒரு கட்டளை இருக்கு, அதோட 'நெட்எம்' பகுதி நெட்வொர்க்கை வேணும்னே கெடுத்துக் கொடுக்கும். 9-ம் கல்லுல நான் அளந்த தாமதம் சுமார் 700 மில்லிசெகண்ட். அதையும் கொஞ்சம் பாக்கெட் இழப்பையும் வீட்டு லேப்டாப்லயே கொண்டு வந்துட்டேன். அதான் என்னோட 400 மீட்டர் துண்டு. ஒரு மாற்றம், மூணு தடவை திறக்கிறது, நோட்டுல எழுதுறது. ஞாயித்துக்கிழமை மேல போய் நிஜமான கல்லுகிட்ட நின்னு சரிபார்க்கிறது.

14 கிலோபைட் வரைக்கும் இலவசம்

சரி, கொஞ்சம் உள்ள இறங்குவோம்.

ஒரு பக்கம் திறக்க போன் எத்தனை தடவை போயிட்டு வருது? முகவரியைக் கேட்க டிஎன்எஸ், ஒரு தடவை. டிசிபி கைகுலுக்கல், ஒரு தடவை. அப்புறம் டிஎல்எஸ். 2018-ல வந்த 1.3 பதிப்புல ஒரு தடவை போதும், அதுக்கு முந்தின 1.2-ல முழுக் கைகுலுக்கலுக்கு ரெண்டு. கடைசியா பக்கத்தைக் கேட்டு வாங்க ஒரு தடவை. ஆக, குறைஞ்சது நாலு. ஒரு தடவைக்கு 700 மில்லிசெகண்ட்னா, 2.8 விநாடி போக்குவரத்துக்கே போயிடும். பக்கம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் இது குறையாது.

நம்ம கையில இருக்கிறது, அந்த நாலாவது தடவையிலயே எல்லாத்தையும் முடிக்கிறது. சர்வர் எடுத்தவுடனே முழு வேகத்துல அனுப்பாது. எதிர்ல இருக்கிற பாதை எவ்வளவு தாங்கும்னு தெரியாததால முதல்ல 10 பாக்கெட் மட்டும் அனுப்பிட்டு, "வந்து சேர்ந்துச்சா?"ன்னு காத்திருக்கும். சேர்ந்துச்சுன்னா அடுத்து 20, அப்புறம் 40. 2013-ல வந்த ஆர்எஃப்சி 6928 சொல்ற 10 இதுதான். ஒரு பாக்கெட்ல 1460 பைட்னா, 10 பாக்கெட்டுக்கு 14,600 பைட். நம்ம முழுப் பக்கமும் இதுக்குள்ள அடங்கிட்டா, ரெண்டாவது காத்திருப்பே கிடையாது.

மலையில காத்திருப்புங்கிறது வெறும் 700 மில்லிசெகண்ட் இல்லை. அந்த இடைவெளியில சிக்னலே போயிடலாம். அதனால எனக்கு நானே ஒரு வரம்பு வச்சுக்கிட்டேன்: மேப், எழுத்து, பட்டன், நிரல், எல்லாம் சேர்ந்து 14 கிலோபைட்டுக்குள்ள. ஒரே கோப்பு. வேற எந்த சர்வரையும் அது கூப்பிடக் கூடாது.

எதையெல்லாம் தூக்கிப் போட்டேன்

முதல்ல போனது மேப் படங்கள். வழக்கமான மேப் 256-க்கு 256 பிக்சல் துண்டுகளா வரும். ஒரு திரைக்கே டஜன் கணக்குல வேணும். விழுந்தவனுக்கு அது எதுக்கு? பாதை ஒரு கோடு, 15 புள்ளி, மூணு கேட். அவ்வளவுதான். எஸ்விஜியில ஒரு கோடா வரைஞ்சுடலாம்.

அந்தக் கோடு ஜிபிஎக்ஸ் கோப்புல இருந்து வரணும். சைக்கிள் கம்ப்யூட்டர் விநாடிக்கு ஒரு புள்ளி பதியும். 50 நிமிஷம்னா 3000 புள்ளி, கோப்பு சுமார் 350 கிலோபைட். இதைக் குறைக்க 1973-ல டக்ளஸ், பியூக்கர்னு ரெண்டு பேர் வெளியிட்ட ஒரு வழி இருக்கு, ரொம்ப அழகானது. முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் நேர்கோடு போடு. அந்தக் கோட்டுல இருந்து ரொம்ப விலகி இருக்கிற புள்ளி எது? அது நீ வச்ச வரம்பைத் தாண்டி விலகியிருந்தா, அதை வச்சுக்கோ, அந்த இடத்துல பாதையை ரெண்டா பிரிச்சு திரும்பவும் அதையே செய். தாண்டலைன்னா நடுவுல இருக்கிற எல்லாத்தையும் தூக்கிடு. நான் வரம்பை 4 மீட்டர்னு வச்சேன். 3000 புள்ளி 240 ஆச்சு.

அடுத்து தசமம். கோப்புல ஏழெட்டு இலக்கம் இருக்கும். அட்சரேகையில அஞ்சாவது தசம இலக்கம்ங்கிறதே சுமார் 1.1 மீட்டர். போன் ஜிபிஎஸ் திறந்த வெளியில நின்னாலே ஒரு அஞ்சு மீட்டர் முன்னப்பின்ன இருக்கும், மரத்தடியில இன்னும் அதிகம். அப்புறம் ஏழாவது இலக்கம் யாருக்கு? வெட்டிட்டேன். மொத்தப் பாதையும் ஒன்றரை கிலோபைட்டுக்கு வந்துடுச்சு.

தமிழ்ல வெப்சைட் பண்றவங்க இந்த விஷயத்தைக் கவனிங்க. யூடிஎஃப்-8-ல ஒரு ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணுக்கும் 3 பைட். 'கி'ங்கிறது க-வும் இகரக் குறியும், அதனால 6 பைட். "அப்ப தமிழ் கனமாச்சே, இங்கிலீஷ்லயே எழுதிடலாமா?"ன்னு குரூப்ல ஒருத்தர் கேட்டார். வேண்டாம். அந்த 3 பைட்ல முதல் ரெண்டு பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதேதான் வரும். பிராட்லியோ ஜிசிப்போ அந்தத் திரும்பலைச் சுருட்டிக் கொடுத்துடும். கனம் எழுத்துல இல்லை, ஃபான்ட்ல. ஒரு தமிழ் வெப் ஃபான்ட் இறக்கினா நம்ம வரம்பு அங்கேயே முடிஞ்சுடும். இப்ப வர்ற போன்கள்ல தமிழ் ஃபான்ட் ஏற்கெனவே இருக்கு, அதையே பயன்படுத்தச் சொன்னா போதும். அடிபட்டு வலியில இருக்கிறவங்க கண்ணுக்கு முதல்ல தெரிய வேண்டியது தாய்மொழி. அதுல கஞ்சத்தனம் பண்ண வேண்டாம்.

எல்லாம் முடிச்சு, சுருக்கி, கடைசியா வந்தது 11 கிலோபைட்.

டவரே இல்லைன்னா?

12-ம் கல்லுக்கு அப்புறம் ஒரு பள்ளம். அங்க ஒரு பாயிண்ட் கூடக் கிடையாது. அதுக்குத்தான் சர்வீஸ் வொர்க்கர். ஒரு தடவை பக்கத்தைத் திறந்தா, அது போன்லயே ஒரு பிரதியை வச்சுக்கும். அடுத்த தடவை நெட் இல்லைன்னாலும் திறக்கும். நாங்க ஏறுறதுக்கு முன்னாடி டீ குடிக்கிற கடைச் சுவர்ல ஒரு க்யூஆர் ஒட்டியிருக்கோம். அங்க டவர் நல்லா இருக்கும். டீ ஆறுறதுக்குள்ள பக்கம் போன்ல இருக்கும்.

நிறைய பேர் டேட்டா இல்லைன்னா ஜிபிஎஸ் வேலை செய்யாதுன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லை. செயற்கைக்கோள் அனுப்புறதை போன் கேட்குது, அவ்வளவுதான். டேட்டா இருந்தா சீக்கிரம் பிடிக்கும். இல்லைன்னா செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒரு தடவை சொல்றதை முழுசா கேட்டு முடிக்கணும். அதனால பட்டனை அழுத்திட்டு ஒரு ரெண்டு நிமிஷம் வானம் தெரியுற இடத்துல போனை வைக்கணும். இதைப் பக்கத்துலயே தமிழ்ல எழுதி வச்சிருக்கேன். பதட்டத்துல இருக்கிறவங்களுக்கு 'காத்திருங்க'ன்னு சொல்றதே பெரிய உதவி.

இடம் கிடைச்சதும் பக்கம் ஒரு எஸ்எம்எஸ்ஸைத் தயார் பண்ணிக் கொடுக்கும்: எந்த ரெண்டு கல்லுக்கு நடுவுல, பக்கத்து கேட் எது, அட்சரேகை தீர்க்கரேகை. ஏன் வாட்ஸ்அப் இல்லாம எஸ்எம்எஸ்? டேட்டா போகாத சிக்னல்லயும் எஸ்எம்எஸ் போயிடும் வாய்ப்பு அதிகம். ஆனா தமிழ்ல எழுதினா ஒரு எஸ்எம்எஸ்ல 70 எழுத்துக் குறியீடுதான். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும்னா 160. ரெண்டு துண்டா போனா ஒரு துண்டு நின்னு போகலாம். அதனால அந்த எஸ்எம்எஸ் மட்டும் எண்ணும் ஆங்கில எழுத்துமா, ஒரே துண்டுல. கீழ 108-க்கும் 112-க்கும் பெரிசா ரெண்டு பட்டன்.

நோண்டுற இடம், நம்புற இடம்

இப்ப முதல் கேள்விக்கு வர்றேன். வீட்டுல சர்வர் வச்சு என்ன பண்றேன்?

ஒரு பழைய லேப்டாப். அதோட பேட்டரிதான் யூபிஎஸ். எங்க எல்லார் ரைடு பதிவும், படங்களும், என் நிரல்களும் அதுல இருக்கு. மேல சொன்ன புள்ளி குறைக்கிற வேலை, சுருக்குற வேலை, சோதனை எல்லாம் அதுலதான் ஓடுது. இன்டர்நெட் இணைப்புல ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறதால, வெளியில இருந்து நேரா உள்ள வர முடியாது. ஒரு சுரங்க இணைப்பு போட்டு வர்றேன். வாரம் ஒரு தடவையாவது அதுல எதையாவது மாத்துவேன். மாசத்துல ஒரு நாள் பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்துவாங்க, பேட்டரி ரெண்டு மணி நேரம் தாங்கும், அப்புறம் அணைஞ்சுடும். அணைஞ்சா அணையட்டும். அது நோண்டுற இடம்.

அந்த 11 கிலோபைட் பக்கம் மட்டும் அந்த லேப்டாப்ல இல்லை. அது வெளியில ஒரு சாதாரண நிலையான ஹோஸ்டிங்ல, பல ஊர்ல பிரதி இருக்கிற மாதிரி கிடக்குது. டேட்டாபேஸ் இல்லை, லாகின் இல்லை, ஓடுற நிரல் எதுவும் சர்வர் பக்கம் இல்லை. லேப்டாப் அதைச் செஞ்சு அனுப்பும், அதோட சரி. என் வீட்டுல கரண்ட் போனாலும், நான் பாதி ராத்திரியில எதையாவது கழட்டிப் போட்டிருந்தாலும், மலையில இருக்கிறவனுக்கு அது தெரியவே கூடாது.

இன்னும் ரெண்டு சின்ன வேலை. டிஎன்எஸ்-ல அந்தப் பேருக்கு ஆயுளை ஒரு நாள்னு, அதாவது 86,400 விநாடின்னு வச்சிருக்கேன். நெட்வொர்க்காரங்க பக்கத்துல பதில் ஏற்கெனவே இருந்தா ஒரு நீண்ட பயணம் மிச்சம். மாத்தணும்னா ஒரு நாள் காத்திருக்கணும், பரவாயில்லை. இன்னொண்ணு சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் ஆரம்பத்துல இருந்து கொடுத்த சான்றிதழ் 90 நாள் ஆயுள். தானா புதுப்பிக்கும். ஆனாலும் 20 நாள்தான் மிச்சம்னா எனக்கு மெசேஜ் வர்ற மாதிரி வச்சிருக்கேன். சிவப்பு எச்சரிக்கைத் திரையைப் படிச்சு முடிவெடுக்கிற நிலைமையில அங்க யாரும் இருக்க மாட்டாங்க.

ஒரு டிசம்பர் காலை

போன டிசம்பர்ல ஒரு ஞாயிறு நான் போகலை. காலையில எட்டேகாலுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்துச்சு. கல் 11-க்கும் 12-க்கும் நடுவுல, கேட் 3.

எங்க குரூப்புல அந்த மூத்த அண்ணன்தான். ராத்திரி தூறல், ஈர இலை, முன் சக்கரம் வழுக்கிடுச்சு. காறை எலும்பு உடைஞ்சிருந்தது. அவரோட போன் அவர் கீழயே மாட்டி நொறுங்கிப் போச்சு. கூட இருந்தது புதுசா வந்த ஒரு தம்பி, அந்தப் பாதையில அவனுக்கு அது ரெண்டாவது தடவை. டீக்கடையில க்யூஆரை அவன் ஸ்கேன் பண்ணவே இல்லை. அண்ணன் வலியில பேரைச் சொல்லச் சொல்ல, அவன் முகவரியை டைப் பண்ணியிருக்கான். ஒரு பாயிண்ட் டவர்.

அந்த எஸ்எம்எஸ் மூணு பேருக்குப் போச்சு. அதுல ஒருத்தர் எஸ்டேட் ரைட்டர். கேட் 3-ன்னு பார்த்ததும் அவர் எங்கிட்ட ஒண்ணும் கேட்கலை, ஜீப்பை எடுத்துட்டார். 25 நிமிஷத்துல அண்ணன் தார் ரோட்டுக்கு வந்துட்டார், அங்க 108 காத்துக்கிட்டு இருந்துச்சு. கையைத் தூளியில போட்டு ஆறு வாரம். மூணு மாசம் கழிச்சு மறுபடியும் வண்டியில ஏறிட்டார், வீட்டுல திட்டு வாங்கிக்கிட்டே.

அவரைக் காப்பாத்தினது என் பக்கம் இல்லை. ரைட்டரும் ஜீப்பும், பதறாம இருந்த அந்தத் தம்பியும். பக்கம் பண்ணினது, எங்கங்கிற கேள்விக்குப் பதில் சொன்னது மட்டும். அந்தத் தம்பிகிட்ட அப்புறமா கேட்டேன், "பக்கம் எப்படிடா இருந்துச்சு?"ன்னு. கொஞ்சம் யோசிச்சான். "கவனிக்கலைண்ணா. திறந்துச்சு, நம்பர் சொல்லுச்சு, அனுப்பிட்டேன்"னான். எனக்கு அது போதும்.

இந்த வாரம் நீங்க பண்ணிப் பார்க்க

உங்ககிட்ட மலை இல்லாம இருக்கலாம். ஆனா நீங்க கட்டுற ஏதோ ஒண்ணை யாரோ ஒருத்தர் மோசமான இடத்துல நின்னு திறக்கிறாங்க. பஸ்ல, ஆஸ்பத்திரி அடித்தளத்துல, ரேஷன் கடை வரிசையில, அஞ்சு வருஷப் பழைய போன்ல. அந்த இடத்துக்கு ஒரு தடவை நேரா போய் நின்னு திறந்து பாருங்க. எத்தனை விநாடி ஆகுதுன்னு எழுதுங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துட்டு மறுபடியும் அளந்து பாருங்க. எல்லாத்தையும் 14 கிலோபைட்டுக்குள்ள அடைக்கணும்னு நான் சொல்லலை. ஆனா அவசரத்துக்குத் தேவைப்படுற அந்த ஒரு பக்கம் எதுன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டுமாவது நீங்க நோண்டுற இடத்துல இருந்து தள்ளி வைங்க. மத்ததை எல்லாம் ஆசை தீர நோண்டுங்க.

சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு: தனியா போகாதீங்க, போற பாதையை வீட்டுல சொல்லிட்டுப் போங்க, ஈர இலையில முன் பிரேக்கை மெதுவா பிடிங்க.

அடுத்த எபிசோட்ல டியூப்லெஸ் டயருக்குள்ள ஊத்துற சீலன்ட் எப்படி ஓட்டையை அடைக்குதுன்னு பேசுவோம். கூடவே, வீட்டு சர்வர்ல பேக்கப்பை நிஜமாவே திரும்ப எடுத்துப் பார்க்கிறது எப்படின்னும் பார்ப்போம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, சேர்த்துக்கிறேன்.

ஹெல்மெட் போடுங்க, பேக்கப் எடுங்க. வர்றேன் மக்களே.